எனக்குக் கேட்காத சத்தம்

அக்கா,

இன்று காலை கடையில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரை வார்னிஷில் முக்கி எடுத்தேன். உள்ளங்கையில் அடங்குகிற உருப்படி. வடியவிட்டு, சூட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை கிளம்பியது. மோட்டார் காயில் கட்டுகிற கடையில் வார்னிஷ் வாசனை ஓர் அதிசயமா என்று கேட்பீர்கள். இல்லைதான். என் புடவை, தலைமுடி, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் இத்தனை வருஷமாக அந்த வாசனைதான். ஆனால் பம்புசெட் மோட்டாரை முக்கும்போது வராத ஞாபகம், இந்தச் சின்னதை முக்கும்போது வந்துவிடுகிறது. இந்த அளவில் நான் கட்டியதெல்லாம் உங்கள் ஒருவருக்காகத்தான்.

இதுவும் உங்கள் வீட்டுக்குத்தான் போகப்போகிறது. போன வாரம் உங்கள் வீட்டுக்காரர், நம்ம சார், போன் செய்தார். பழைய டெலிபோன் கம்பியை எடுத்துவிட்டுப் புது இன்டர்நெட் பெட்டி மாட்டிவிட்டுப் போனார்களாம். "அவ இருந்தா இதுக்கும் உன்னண்ட ஒரு பவர் சப்ளை கேட்டிருப்பா. கட்டிக் குடும்மா" என்றார். சாருக்கும் அந்தச் சத்தம் கேட்காது, எனக்கும் கேட்காது. அதைக் கேட்ட ஒரே ஆள் நீங்கள். நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. "சரி சார், கட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். கட்டிக்கொண்டே இருக்கும்போதுதான், உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறதே என்று உறுத்த ஆரம்பித்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே உங்கள் குரல் எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் பிள்ளையார்பாளையத்தில் கடை போட்ட புதிதில் எங்களுக்கு ஒரு டெலிபோன் வந்தது. மழை பெய்தால் அது கொரகொரக்கும். புகார் நம்பருக்கு அடித்தால் டெஸ்ட் டெஸ்க்கில் நீங்கள்தான் எடுப்பீர்கள். லைனில் என்ன கோளாறு என்று எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தபடியே பார்த்துச் சொல்கிற வேலை உங்களுடையது. மற்றவர்கள் மீட்டரைப் பார்த்துச் சொல்வார்கள். நீங்கள் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் காதில் வைத்துக் கேட்பீர்கள்.

"உன் கடைல கோளாறு இல்லம்மா. தெருமுனை போஸ்ட்டுல ஈரம் ஏறியிருக்கு. மத்தியானம் ஆள் வருவான்" என்றீர்கள் முதல் தடவை.

"அங்க குந்திக்கினு உங்களுக்கு எப்படிமா தெரியுது?" என்று நான் கேட்டேன்.

"கேக்கறதே" என்றீர்கள், அதில் என்ன அதிசயம் என்பது போல. மத்தியானம் ஆள் வந்தார். தெருமுனை போஸ்ட்டில்தான் ஈரம்.

அதற்கப்புறம் ஒரு நாள் மிக்ஸி மோட்டாரை எடுத்துக்கொண்டு ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். ஒன்பது கஜம் கட்டவில்லை, சாதாரண நூல் புடவை, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு, தோளில் ஆபீஸ் பை. "இன்னாமா ஆச்சு?" என்று நான் கேட்டதுதான் தாமதம், "நீ அந்த ஈர லைன் மல்லிகாதானே?" என்றீர்கள். என் குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தீர்கள். அன்றிலிருந்து நான் உங்களுக்கு "டி", நீங்கள் எனக்கு அக்கா.

சின்ன காஞ்சிபுரத்தில் உங்கள் வீட்டுக்கு முதலில் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. வரதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு, பஞ்சாங்கமும் பாசுரப் புத்தகங்களுமாக ஒரு கூடம், அதன் நடுவில் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். வேறு வீட்டில் பெண்கள் வளையல் சேர்ப்பார்கள். நீங்கள் ஆம்ப்ளிஃபயர் சேர்த்தீர்கள். சார் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிறவர், பாட்டு கேட்கத் தெரியாத நல்ல மனிதர். "ரெண்டு தூணுக்கு நடுவுல குடித்தனம் பண்றேன்" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வார்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தது. உங்கள் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். உள்ளறைக் கம்ப்யூட்டரில் இருக்கிற பாட்டைக் கம்பி வழியாக இழுத்துக் கூடத்து ஆம்ப்ளிஃபயரில் பாட வைக்கிற பெட்டி. இரண்டுக்கும் நடுவில் மோடம். இன்டர்நெட்டைக் கொண்டுவருவதும் அதுதான், வீட்டுக்குள் பாட்டைக் கடத்துவதும் அதுதான். அதைப் பிடுங்கினால் பாட்டு நின்றுவிடும். உங்கள் சிடி எல்லாவற்றையும் ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினீர்கள். ஏற்றி முடித்து முதல் பாட்டைப் போட்ட அன்றே எனக்குப் போன்.

"மல்லிகா, தம்புரால ஈ உக்காந்திருக்குடி."

வந்து கேட்டேன். பாட்டுக்கு முன்னால் தம்புரா மட்டும் ஓடுகிற அந்த அரை நிமிஷத்தை மறுபடி மறுபடி போட்டுக் காட்டினீர்கள். மேலே, ரொம்ப மேலே, மெல்லிசாக 'ஙீ' என்று ஒரு சத்தம் ஓடுகிறது என்றீர்கள். ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை. இரண்டு தறி ஓடுகிற வீட்டில் பிறந்து, நாள் முழுக்க மோட்டார் ஓட்டிப் பார்க்கிற கடையில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அவ்வளவு மெல்லிசு எங்கே கேட்கும்? சாரைக் கேட்டேன். அவர் கையை விரித்தார்.

நீங்கள் விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து, மோடத்தின் அடாப்டரில் வந்து நின்றீர்கள். சுவரில் செருகுகிற கறுப்புக் கட்டி அது. எடையே இருக்காது. உள்ளே கரண்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நறுக்கி நறுக்கிச் சின்னதாக்குகிற வகை. அந்த நறுக்கல்தான் கம்பி வழியாக ஏறி ஆம்ப்ளிஃபயருக்குள் வருகிறது என்பது உங்கள் கட்சி. "பழைய மாதிரி இரும்பும் செம்புமா ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வெச்சு இந்த மோடத்துக்கு ஒரு சப்ளை கட்டிக் குடு. அதுல நறுக்கற வேலையே கிடையாதே" என்றீர்கள். நான் "பாக்கலாங்க்கா" என்றேன். "பாக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும்.

இரண்டு நாள் கழித்து சார் கடைக்கு வந்தார். வாலாஜாபாத் ரைஸ் மில் மோட்டார் ஒன்று பிரித்துப் போட்டபடி கிடந்தது, எனக்குத் தலைக்கு மேல் வேலை. சார் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அவளுக்கு ரெண்டு மூணு மாசமா ஏதேதோ கேக்கறதுன்னு சொல்றாம்மா. ஆபீஸ்லயும் ஏதோ பிரச்சினை போல, வாயத் திறக்க மாட்டேங்கறா. நீ பெட்டி மாதிரி ஏதாவது ஒண்ணு பண்ணிக் குடேன். கனமா இருந்தாப் போறும். மனசு சமாதானமாயிடும்."

நான் ஒப்புக்கொண்டேன், அக்கா. அதைத் தர்மம் என்று வேறு நினைத்தேன். ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே எரிந்துபோன ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கனத்துக்கு, அதற்குப் பக்கத்தில் உங்கள் பழைய அடாப்டரையே வைத்து ஒட்டி, முகப்பில் சிவப்பாக ஒரு விளக்கு. பார்க்க ஜோராக இருந்தது. நானே கொண்டுவந்து மாட்டினேன். "இப்ப எப்படிக்கா இருக்குது?" என்று கேட்டேன். நீங்கள் தம்புராவைப் போட்டுக் கேட்டீர்கள். காபி கொடுத்தீர்கள்.

மூன்றாம் நாள் பஸ் ஏறி, மஞ்சள் பையில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தீர்கள். மேஜையில் வைத்தீர்கள்.

"பெட்டி நன்னா கனமா இருக்கு. சத்தம் அப்படியே இருக்கு. உள்ள என்ன வெச்சே?"

"டிரான்ஸ்ஃபார்மர்தாங்க்கா" என்றேன்.

என் மேஜையிலிருந்தே திருப்புளியை எடுத்தீர்கள். நான்கு ஆணி. மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தீர்கள். திட்டியிருந்தால் தேவலை.

"அவர் சொன்னாரா?"

தலையாட்டினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். அப்போதுதான் ஆபீஸ் விஷயம் வெளியே வந்தது. நீங்கள் கோளாறு என்று குறித்து அனுப்புகிற லைன்களைப் போய்ப் பார்த்துவிட்டு "சரியாகத்தான் இருக்கிறது" என்று ஆட்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றல்ல, வரிசையாக. புதிதாக வந்த அதிகாரி கூப்பிட்டு, பில் கவுண்டருக்கு மாறிக்கொள்ளச் சம்மதக் கடிதம் கொடுத்திருந்தார். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"மேடத்துக்குக் காது போயிடுத்துன்னு பேசிக்கறா. அதுகூடப் பரவால்லடி. நானே சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டேன். ஆபீஸ்ல கேக்கறது பொய்யா, ஆத்துல கேக்கறதும் பொய்யான்னு. இந்தக் காதை வெச்சுண்டுதான் இருவது வருஷம் சாப்பிட்டிருக்கேன்."

மேஜையில் கிடந்த நான்கு ஆணியையும் நான் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நீ நிஜமா ஒண்ணு கட்டிக் குடு. அப்பவும் சத்தம் நிக்கலைன்னா கோளாறு என் காதுலதான். நானே போய்க் கையெழுத்துப் போட்டுடறேன்."

"நின்னுட்டா?"

"நின்னுட்டா அந்த நாற்காலிய விட்டு யார் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேன்."

அப்படிச் சொன்னபோது உங்கள் குரல் கொஞ்சமும் உயரவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. ரைஸ் மில் மோட்டாரை ஓரமாகத் தள்ளிவிட்டு அன்றே ஆரம்பித்தேன். அவமானத்தில்தான் ஆரம்பித்தேன், ஒளிப்பானேன்.

சின்னக் கம்பிக்குக் கடை மெஷின் சரிப்படாது. இழுத்து அறுத்துவிடும். அம்மா வீட்டுக்குப் போய், அவள் தறிக்கு நூல் தார் சுற்றுகிற ராட்டையைக் கேட்டு வாங்கி வந்தேன். பதினைந்து வயதுவரை நான் பட்டு சுற்றிய ராட்டை. வலது கை சுற்ற, இடது கையில் செம்புக் கம்பி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாமல், நகம் நுழையாத நெருக்கத்தில் படிந்தது. எனக்கே கர்வமாக இருந்தது. கடைசியில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பன்னிரண்டு வோல்ட். அன்று சாயங்காலமே கொண்டுவந்து மாட்டினேன்.

தம்புரா ஓடியது. கண்ணை மூடிக் கேட்டீர்கள். "நின்னுடுத்துடி!" என்று கூவினீர்கள். சார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். நீங்கள் பாட்டைப் போட்டு, முழுப் பாட்டையும் அசையாமல் கேட்டீர்கள். இரண்டாவது பாட்டு பாதியில் உள்ளறையில் 'பட்' என்று ஒரு சத்தம். இது எனக்கே கேட்டது. ஓடிப் போனால் பெட்டியிலிருந்து புகை. மோடத்தின் விளக்கு ஒன்றுகூட எரியவில்லை.

கடைக்கு எடுத்து வந்து, சுற்றிய கம்பியை அவிழ்த்து எண்ணிப் பார்த்தேன். இருக்க வேண்டியதைப் போல் சரியாக இரண்டு மடங்கு இருந்தது. எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. எங்கள் வீட்டில் பட்டு நூலை ஒற்றையாக எண்ணும் வழக்கமே கிடையாது. இரண்டு இழை சேர்ந்தால்தான் ஒன்று. ராட்டையில் கை பட்டதும் வாய் தானாக அம்மாவின் கணக்குக்குப் போய்விட்டது. இரண்டு சுற்று சுற்றி ஒன்று, இரண்டு சுற்று சுற்றி ஒன்று என்று எண்ணியிருக்கிறேன். உள்ளே ஏறிய வோல்ட் இரட்டிப்பு. அதிகத்தைத் தின்று பன்னிரண்டாக வெளியே விடுவதற்கு நான் வைத்திருந்த மூன்று கால் சில்லு, முடிந்தவரை தாங்கிவிட்டுச் செத்தது, போகும்போது மோடத்தையும் கூட்டிக்கொண்டு போனது. நான் கடைசியில் வருவதை மட்டும் அளந்தேன், நடுவில் வருவதை அளக்கவில்லை.

உங்களிடம் வந்து சொன்னேன். அடிப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது.

"பொடவைக்குச் சுத்தறாப்பல சுத்தினியாடி மோடத்துக்கு!"

ஆனால் திங்கட்கிழமை மாற்று மோடம் கேட்டு உங்கள் சொந்த ஆபீஸ் வரிசையில் நீங்கள் நிற்க வேண்டியிருந்தது. அதிகாரி எல்லார் முன்னாலும், "வீட்டுல எக்ஸ்பெரிமென்ட் பண்றீங்களாமே மேடம்?" என்று கேட்டாராம். கடிதத்தை வருகிற திங்கட்கிழமைக்குள் கொடுக்கச் சொன்னாராம். சார் வேறு, "புதுப் பெட்டியப் பாத்ததும் சத்தம் நின்னுடுத்துன்னு தோணியிருக்கும். மனசுதானே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உங்களைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார்.

"அப்படின்னா நான் பாக்காம இருக்கேன். எது மாட்டியிருக்குன்னு தெரியாம கேட்டுச் சொல்றேன். இருவது தடவை. மூணு தப்பினா கையெழுத்து" என்றீர்கள்.

மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை பத்துச் சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை என்று தட்டில் எடுத்து வைத்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க. அடுத்த கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "இன்னாமா, பிள்ளைங்களுக்குப் பாடமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒவ்வோர் இடத்திலும் மீட்டர் வைத்தேன். இரண்டு நாள் கடையிலேயே ஒரு பல்ப்பைச் சுமையாக மாட்டி ஓட்டினேன். தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோயில் நடை சாத்தியிருந்த நேரம், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. நீங்கள் கூடத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு முற்றத்தைப் பார்க்க உட்கார்ந்தீர்கள். ஏற்பாடு முழுக்க உங்களுடையது. ஆபீஸில் லைன் சோதிக்கிற மாதிரி கண்டிப்பு. நான் உள்ளறையில். ஒரு காசைச் சுண்டி, தலை விழுந்தால் பழைய அடாப்டர், பூ விழுந்தால் புதுப் பெட்டி. அதையே மறுபடி மாட்டுவதாக இருந்தாலும் பிடுங்கிச் செருக வேண்டும். மோடம் உயிர் பெற்றதும் குரல் கொடுக்க வேண்டும். நான் மாட்டியதை நான் ஒரு தாளில் எழுத வேண்டும். நீங்கள் சொல்வதை சார் இன்னொரு தாளில் எழுதுவார். கடைசியில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆரம்பிக்கும் முன் என்னைக் கூப்பிட்டு, "எனக்காக எதுவும் பண்ணாதே. கேட்டதைத்தான் சொல்லணும், கேக்கணும்னு ஆசைப்படறதை இல்ல. அது எனக்கும் சரி, உனக்கும் சரி" என்றீர்கள்.

"ஒண்ணு!" என்றேன் உள்ளேயிருந்து.

"பழசு" என்றீர்கள்.

சரி. இரண்டாவது, புதுசு. சரி. மூன்றாவது சரி. ஆறுவரை ஒன்றுகூடத் தப்பவில்லை. கையில் பென்சிலை வைத்துக்கொண்டு எனக்கு வியர்த்தது. எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். நான் காசைச் சுண்டுகிறேன், நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதைப் படிக்கிறீர்கள்.

ஏழாவது. காசு பூ விழுந்தது. மோடம் இருந்த பீரோவுக்குப் பின்னால் கை விட்டு மாட்டினேன், 'புதுசு' என்று எழுதினேன், குரல் கொடுத்தேன். நீங்கள் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தீர்கள்.

"பழசு" என்றீர்கள்.

போச்சு, ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். இனி வரிசையாகத் தப்பும். நாளைக்குக் காலையில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள், பில் கவுண்டரில் உட்கார்வீர்கள், அந்த ஸ்பீக்கர்களுக்கு நடுவில் இனி உட்காரவே மாட்டீர்கள். நான் யோசிக்கவில்லை. விரலை எச்சிலில் தொட்டு, என் தாளில் 'புதுசு' என்பதைத் தேய்த்து அழித்துவிட்டு 'பழசு' என்று எழுதினேன். எதுவும் பண்ணாதே என்று நீங்கள் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உங்கள் மேல் பாசத்தில்தான் செய்தேன். ஆனால் அந்தப் பாசத்துக்குள் உங்கள் காது போய்விட்டது என்ற தீர்ப்பும் இருந்தது.

எட்டாவதுக்கு மாற்றுவதற்காக பீரோவுக்குப் பின்னால் குனிந்தேன். இரண்டு ஒயரும் ஒரே கறுப்பு, ஒரே முனை. மோடத்தில் செருகியிருந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது போய் நின்ற இடம் பழைய அடாப்டர். இருட்டில் நான்தான் மாற்றிச் செருகியிருக்கிறேன். என் புதுப் பெட்டியின் ஒயர் தரையில் சும்மா கிடந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே குனிந்திருந்தேனோ தெரியவில்லை. "என்னடி, தூங்கிட்டியா?" என்று கூடத்திலிருந்து நீங்கள் குரல் கொடுத்தீர்கள். "இல்லக்கா, இதோ" என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒயரை முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

சார் இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் வைத்து இறங்கி வந்தார். ஏழில் நின்றார். "இங்க என்னமோ அழிச்சிருக்கே?"

"மாத்தி எழுதிட்டேன் சார், திருத்தினேன்" என்றேன்.

அது உண்மை. பொய்யும்கூட. நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். குரலில் ஈரம் ஏறியிருந்தால்கூடக் கண்டுபிடிக்கிறவராயிற்றே. ஆனால் எதுவும் கேட்கவில்லை. சார் கடைசி வரி வரைக்கும் இறங்கினார். கண்ணாடியைக் கழற்றினார். உங்களைப் பார்த்து, "நான் ஒரு மடையன்" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். அழுதீர்கள் என்று நான் சொன்னால் மறுப்பீர்கள்.

அப்புறம் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "மல்லிகா, புதுசுல அடில ஒரு 'உம்' இருக்குடி. ரொம்பச் சின்னது. அதையும் எடுத்துடு." எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு வாரம் தூக்கம் கெட்டு, புளியங்கொட்டை எண்ணிக் கட்டியிருக்கிறேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் 'உம்' என்கிறீர்களே என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று கிளம்பிவிட்டேன். கடைக்குப் போய், ஆற அமர யோசித்து, டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகள் அதிராமல் இருக்க மறுபடி வார்னிஷில் முக்கிச் சுட்டேன். 'உம்' போய்விட்டது என்றீர்கள். எனக்கு அதுவும் கேட்கவில்லை, இதுவும் கேட்கவில்லை.

சோதனைக்கு மறுநாள், திங்கட்கிழமை, கையெழுத்துப் போடாத கடிதத்தை அதிகாரி மேஜையில் வைத்துவிட்டு, "நான் கோளாறுன்னு எழுதி நீங்க சரின்னு சொன்ன ஒரு லைனைச் சொல்லுங்கோ. லைன்மேன்கூட நானே போறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏனாத்தூர் போகிற வழியில், டெலிபோன் கம்பிகள் வந்து சேர்கிற ஒரு பெட்டி. வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. உள்ளே இணைப்பைப் பிரித்துப் பார்த்தால் செம்பெல்லாம் களிம்பு. வந்தவர்கள் யாரும் அதைப் பிரித்தே பார்க்கவில்லை. வெயிலில் ரோட்டோரத்தில் நின்றுகொண்டு, லைன்மேன் வைத்திருந்த போனை வாங்கி என் கடைக்கு அடித்தீர்கள்.

"மல்லிகா, பச்சையா இருக்குடி! பச்சப் பசேல்னு இருக்கு!"

அதை நீங்கள் சொன்ன விதம் இன்னும் என் காதில் அப்படியே இருக்கிறது. மெல்லிய சத்தம் கேட்காத காதுதான், ஆனால் அந்தச் சந்தோஷத்தை மட்டும் தொலைக்கவில்லை. டெஸ்ட் டெஸ்க் நாற்காலியிலிருந்தே ஓய்வு பெற்றீர்கள். இடையில் இரண்டு அதிகாரிகள் மாறிப் போனார்கள்.

ஏழாவது தடவை பற்றி உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை வீட்டுக்கு வரும்போதும் சொல்ல நினைப்பேன். அந்தப் போலிப் பெட்டியை மன்னித்தவர் இதையும் மன்னித்துவிடுவார் என்றும் தெரியும். வாய் வரவில்லை. உங்களுக்காக ஒரு பொய் எழுதினேன் என்பதைவிட, அந்தப் பொய் உங்களுக்குத் தேவைப்படும் என்று நினைத்தேனே, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. பத்து மாதமாக, இனிச் சொல்ல ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு, அது இன்னும் கனக்கிறது.

அதனால் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. அதை இன்றுவரை விடவில்லை. கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்கள், "ஏதோ ஒரு மாதிரி சத்தம் வருதுமா, வீட்டுல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்பார்கள். கூட வந்த ஆண் பின்னாலிருந்து எனக்குக் கண்ணைக் காட்டுவார், ஒன்றும் இல்லை என்று. நான் ஓட்டிக் கேட்பேன். பாதி நாள் எனக்கும் ஒன்றும் கேட்காது. ஆனாலும் பிரித்துவிடுவேன். "எனக்குக் கேக்கலைமா, ஆனா பிரிச்சுப் பாக்கறேன்" என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தே சொல்லுவேன். சில தடவை உள்ளே ஒன்றும் இருக்காது. அதையும் அப்படியே சொல்லுவேன். சமாதானத்துக்காக எதையும் மூடி அனுப்புவதில்லை.

நாளைக்கு இந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு சின்ன காஞ்சிபுரம் போகிறேன். சாரிடம் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மாட்டப்போகிறேன். அவர் அந்த இரண்டு தாளையும் உங்கள் சிடி அடுக்கில்தான் வைத்திருக்கிறார். ஏழாவது வரியில் விரலை வைத்துச் சொல்லுவேன். உங்களுக்கு இருபதுக்கு இருபதும் சரி, அக்கா. எனக்குத்தான் பத்தொன்பது.